உலக விஷயத்தை மதுரையில் பேச ஒரு கூட்டம்: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

பசி, குடிநீர், குழந்தைத் தொழிலாளர், அகதிகள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாடு என்று உலகம் முழுக்க இருக்கும் வளர்ச்சிப் பிரச்சினைகளை ஊர் மக்களிடம் பேச வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் சின்ன அமைப்புகளும் மதுரையில் நிறைய. நினைத்த உடனே எல்லோருக்கும் தோன்றுவது பேரணிதான். ஓர் அதிகாரி கொடியசைப்பார். ஒரே மாதிரி தொப்பி போட்ட முந்நூறு பிள்ளைகள் தட்டியைப் பிடித்துக்கொண்டு தமுக்கம் மைதானத்திலிருந்து வெயிலில் நடப்பார்கள். போட்டோ எடுத்து, மோர் குடித்து, கலைந்து போவார்கள். மறுநாள் பேப்பரிலும் வந்துவிடும். ரோட்டோரம் நின்று பார்த்தவரிடம் "எதுக்குண்ணே போனாங்க?" என்று கேட்டால், "ஏதோ காலேஜ் பிள்ளைக" என்பார். அவ்வளவுதான் மிஞ்சும்.

அதனால் முதல்முறை நடத்துகிறவர்கள் பேரணியை விட்டுவிடுங்கள். அறுபது எழுபது பேர் உட்கார்ந்து கேட்டு, திருப்பிப் பேசுகிற ஒரு நிகழ்ச்சி போதும். செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு.

முதலில் விஷயத்தைச் சுருக்குங்கள்

2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. மொத்தம் 17 இலக்குகள், அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்கள், 2030 வரை கெடு. புதிதாக வருகிறவர்கள் இந்தப் பதினேழையும் கலர் கலராக ஃபிளெக்ஸ் அடித்து மேடைக்குப் பின்னால் கட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவார்கள். நாலாவது இலக்கு வரும்போது பின்வரிசையில் போனை எடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். அதிலும் மதுரையில் ஒரு முனை இருக்கிற ஒன்றாக எடுங்கள்.

அப்படி முனை கிடைப்பது இங்கே கஷ்டமே இல்லை. பசியைப் பற்றிப் பேசுவதானால், 2024ஆம் ஆண்டில் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதிலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியிலிருந்து ஆரம்பியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று அங்கேதான் தொடங்கியது. அதற்கு முன்னால் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அதற்கும் முன்னால் 1956இல் காமராஜரின் மதிய உணவு. கூட்டத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் இருந்தால் பள்ளியில் என்ன சாப்பிட்டோம் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு உலகத்துக்குப் போனால், பள்ளியில் சோறு போடுவதற்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கும் நாடுகளைப் பற்றிச் சொல்வது காதில் ஏறும்.

கண்பார்வையும் நல்ல முனை. 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வருகிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி செய்து கட்டுப்படியாகாமல், 1992இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள். இப்போது அது வெளிநாடுகளுக்குப் போகிறது. நிகழ்ச்சி முழுக்கத் துயரமாக இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். உலகம் நம்மிடம் வந்து கற்றுக்கொண்டு போன விஷயமும் இருக்கிறது என்று தெரிந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். மகளிர் சேமிப்பு என்றால் களஞ்சியம் சின்னப்பிள்ளை பெயரைச் சொன்னாலே போதும், களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களை வளர்த்து 2019இல் பத்மஸ்ரீ வாங்கிய மதுரைப் பக்கத்துக்காரர். வங்கியே எட்டிப் பார்க்காத பெண்கள் கூட்டாகச் சேமித்துக் கடன் கொடுத்துக்கொண்ட கதையில் வங்கதேசத்துப் பெண்களும் கென்யப் பெண்களும் தானாக வந்து சேருவார்கள்.

துணியும் வணிகமும் பேச விருப்பமா? காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதியில்தான் அரையாடைக்கு மாறினார். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கை அந்த வீதியில் வைத்துச் சொல்லுங்கள். பஞ்சு விளைந்த ஊர், நூல் நூற்ற பெண், தைத்தவர், விற்றவர், இவர்களில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேள்வி தானாகக் கிளம்பும்.

நாளும் நேரமும்

சர்வதேச தினங்களை வைத்து நாள் குறிப்பது வழக்கம். தவறில்லை, ஆனால் நம் ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்டோபர் 16 உலக உணவு தினம், 17 வறுமை ஒழிப்பு தினம். இரண்டும் மழைக்காலத்தில், பெரும்பாலும் தீபாவளிக்கு முந்திய நாட்களில் வரும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவரை நிறுத்திப் பேச முடியாது. ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம், அப்போதுதான் பள்ளி திறந்து பெற்றோர் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த விஷயத்துக்கு அதுவே சரியான சமயம். பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளை யார் என்று வகுப்பாசிரியருக்கு அந்த வாரத்தில்தான் தெரியும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். பொதுத்தேர்வு நேரம், மாணவர்களை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கிராமத்தில் நடத்துவதானால் ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் அந்த நாளை ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. முன்கூட்டியே ஊராட்சி செயலரைப் பார்த்துப் பத்து நிமிடம் கேளுங்கள். தனியாக ஆள் திரட்டுகிற வேலை மிச்சம். உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோருக்கு வீட்டில் பாதுகாப்பான குடிநீர் இல்லை என்று சொல்லிவிட்டு, நம் ஊர் மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் அரை மணியாகிவிடும்.

சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் மதுரையில் எதையும் வைக்க வேண்டாம், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை ஊர் உங்கள் பேச்சைக் கேட்காது. பெரிய முகூர்த்த நாட்களும் அப்படித்தான். பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் தை முதல் வாரம் ஜல்லிக்கட்டு. சர்வதேச தினத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. பத்து நாள் தள்ளிப் போட்டால் ஐ.நா. கோபித்துக்கொள்ளாது.

நேரம் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மட்டும் வருவார்கள். பெண்கள் வர வேண்டுமானால் அவர்களைக் கூப்பிடாதீர்கள், சுய உதவிக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் நீங்கள் அங்கே போங்கள்.

இடம்

பொது இடத்தில் நடத்த ஆசையாக இருக்கும். முதல்முறைக்கு உள்ளரங்கமே நல்லது. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் எப்படியும் வருகிறார்கள். தமுக்கத்தை ஒட்டிய காந்தி நினைவு அருங்காட்சியகம் 1959 முதல் இருக்கிறது, அகிம்சை, கதர், சமத்துவம் பற்றிய பேச்சுக்குப் பொருத்தமான சூழல். கல்லூரி என்றால் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரைப் பிடியுங்கள். ஆளும் கிடைக்கும், ஹாலும் கிடைக்கும். ஆனால் வருகைப் பதிவுக்காக வந்து உட்காரும் கூட்டம் வேறு, கேட்க வந்த கூட்டம் வேறு. முப்பது மாணவர், முப்பது ஊர்க்காரர் என்று கலந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விழிப்பாக இருக்கும்.

உணவைப் பற்றியது என்றால் உழவர் சந்தைக்கு ஈடு எதுவுமில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியதுதான். அங்கே மேடை, சேர் எல்லாம் போட்டால் வழியை அடைக்கும். காலை ஆறரை மணிக்கு, நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு, ஓர் ஓரமாக ஒரு மேசையும் நாலு தட்டியும் வையுங்கள். காய் வாங்கி முடித்தவர் பையைக் கீழே வைத்து மூன்று நிமிடம் நிற்பார். அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு கேள்வி தயாராக இருக்க வேண்டும், பேச்சு அல்ல.

அனுமதி

தெருவிலோ மைதானத்திலோ நடத்துவதானால் போலீஸ் அனுமதி வேண்டும். மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் அந்தந்த உட்கோட்ட டி.எஸ்.பி. அலுவலகம். இரண்டு வாரம் முன்பே மனு கொடுங்கள். நிகழ்ச்சி எதைப் பற்றியது, எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மைக் செட் உண்டா, பொறுப்பாளர் இருவரின் பெயர், போன் நம்பர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். இடம் மாநகராட்சிக்குச் சொந்தம் என்றால் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு மனு.

ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. மைக் செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்கு வருகிற அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். ஃபிளெக்ஸ் வைக்கவும் அனுமதி வேண்டும். துணித் தட்டியில் எழுதுங்கள், அடுத்த முறைக்கும் ஆகும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நடத்தை விதிகள் அமலுக்கு வரும், அந்தச் சமயத்தில் தள்ளிப்போடுவதே நிம்மதி. பணம் உள்ளூரிலேயே திரட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அமைப்பு பணம் அனுப்புகிறேன் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

எண்களைப் பேசும்போது

மேடையில் மில்லியன், பில்லியன் வரவே கூடாது. எல்லாவற்றையும் லட்சத்திலும் கோடியிலும் சொல்லுங்கள். மாற்றும்போது ஒரு சைபர் விட்டுப்போவது ரொம்ப சகஜம். 10 லட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பேச்சாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பழைய எண்ணையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். குழந்தைத் தொழிலாளர் 16 கோடி என்று இன்னும் பல தட்டிகளில் இருக்கிறது, அது 2020இன் கணக்கு. 2024க்கான மதிப்பீடு 13.8 கோடி. குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொடிய வகைக் குழந்தை உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கையை அதன் உறுப்பு நாடுகள் அத்தனையும் 2020இல் ஏற்று முடித்தன, இந்தியா 2017இல் ஏற்றது. எல்லாம் மோசமாகிக்கொண்டே போகிறது என்று பேசினால் கேட்பவர் கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்.

வறுமைக்கோடு இன்னொரு பொறி. உலக வங்கியின் இப்போதைய கோடு ஒரு நாளைக்கு 3 டாலர். அதை இன்றைய டாலர் விலையால் பெருக்கி ரூபாயாக்கினால் தப்பு. அது ஒவ்வொரு நாட்டின் விலைவாசியை வைத்துப் போட்ட வாங்கும் திறன் கணக்கு. நம் நாட்டில் அந்தப் பெருக்கல் தொகையில் ஏறத்தாழ கால்பங்குதான் வரும். கூட்டத்தில் ஒரு பொருளாதார ஆசிரியர் இருந்தால் முதலில் இங்கேதான் பிடிப்பார்.

கடலை மிட்டாய் விளையாட்டு

பேச்சை விட விளையாட்டு நிற்கும். ஏற்றத்தாழ்வைப் புரியவைக்க இது போதும். தேவை 100 கடலை மிட்டாய், 20 பேர், ஒரு பாத்திரம், 20 சீட்டு.

2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலக வருமானத்தில் மேலே இருக்கும் பத்து சதவீதம் பேருக்கு 52 சதவீதம் போகிறது. கீழே இருக்கும் பாதிப் பேருக்குச் சேர்த்து எட்டரை சதவீதம். நடுவில் இருக்கும் நாற்பது சதவீதத்துக்கு மீதி. இதை இருபது பேருக்குப் பிரித்தால் இரண்டு பேருக்கு ஆளுக்கு 26 மிட்டாய், எட்டுப் பேருக்கு ஆளுக்கு 5, மீதி பத்துப் பேருக்கும் சேர்த்து 8. கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு.

சீட்டு எடுக்கச் சொல்லி, சீட்டில் உள்ளபடி மிட்டாயைக் கையில் கொடுங்கள். எண்ணெல்லாம் சொல்லாதீர்கள். பத்துப் பேர் எட்டு மிட்டாயை வைத்துக்கொண்டு முழிக்கும்போது கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். சிலர் உடைத்துப் பங்கு போடுவார்கள், ஒருவர் எனக்கு வேண்டாம் என்பார், யாராவது 26 வைத்திருப்பவரிடம் போய் நிற்பார். அதற்குப் பிறகு கேள்விகள். முதலில் அந்தப் பத்துப் பேரிடம்: எப்படிப் பங்கு போட்டீர்கள், ஏன் அப்படி? அடுத்து ஐந்து வைத்திருப்பவர்களிடம்: நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? கடைசியாக அந்த இருவரிடம். அவர்களிடம் முதலில் போனால் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "உழைச்சவனுக்குத்தானே கிடைக்கும்" என்று ஒரு குரல் வரும். அடக்காதீர்கள். சீட்டில் என்ன உழைப்பு என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கும் வரை பொறுங்கள், பெரும்பாலும் கேட்பார். அங்கிருந்து எந்த நாட்டில், எந்த வீட்டில் பிறந்தோம் என்பதும் ஒரு சீட்டுத்தானே என்று பேச்சு போகும். அதன் பிறகு அந்தச் சதவீதங்களைச் சொல்லுங்கள். மிட்டாயைக் கடைசியில் எப்படிப் பகிர்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இரண்டு எச்சரிக்கை. யார் எந்தப் பக்கம் என்று நீங்கள் ஆளைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது, நம் ஊரில் அது உடனே வேறு அர்த்தமாகிவிடும். சீட்டு மட்டுமே. அடுத்தது, இதைச் சாப்பாட்டுப் பந்தியில் செய்யாதீர்கள். ஒருவர் இலையில் விருந்தும் பக்கத்து இலையில் வெறும் கஞ்சியும் வைத்து நடத்தும் நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் உண்டு. இங்கே பந்தியில் பாரபட்சம் பார்த்து அவமானப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் முன் அது விளையாட்டே இல்லை.

பேசுகிறவர்களும் பேசப்படுகிறவர்களும்

சிறப்பு விருந்தினர் என்றாலே பொன்னாடை, நினைவுப்பரிசு, முக்கால் மணி நேரப் பேச்சு. கண்டிப்பாக அழைக்க வேண்டும் என்றால் அழையுங்கள், விளையாட்டு முடிந்த பிறகு பத்து நிமிடம் கொடுங்கள். அவரை விட, நேரில் பட்டவர் பேசுவது பல மடங்கு மேல். டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினம். அதை மேலூர் பக்கம் நடத்தினால் வளைகுடாவிலோ மலேசியாவிலோ வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவரை உட்காரவைத்து, ஏஜென்டிடம் எவ்வளவு கொடுத்தார், போன இடத்தில் பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் யார் என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. இந்த இரண்டு தகவலோடு ஒரு தாயாவது வீடு திரும்பினால் நிகழ்ச்சி பலித்தது. அந்த மேடையிலேயே, நம் ஊர் ஓட்டல்களில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாமல் விடாதீர்கள்.

ஜூன் 20 உலக அகதிகள் தினம். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் "பார்த்துட்டு வருவோம்" என்கிற யோசனையை ஆரம்பத்திலேயே வெட்டிவிடுங்கள். வெளியார் உள்ளே போக அரசு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் இங்கேயே பிறந்து, இங்கேயே கல்லூரி முடித்தவர்கள். அவர்களில் யாராவது விரும்பினால் உங்கள் மேடையில் பேசட்டும். என்ன பேசுவது, போட்டோ எடுக்கலாமா, பெயர் சொல்லலாமா என்பது அவர்கள் முடிவு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்ற பின்னணியை நீங்கள் சொல்லிவிடுங்கள், சட்டம் விளக்குகிற பாரத்தை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தைத் தட்டியில் போடாதீர்கள். அந்தக் குழந்தையின் தாய் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் போடுவோமா என்று பார்த்தால் போதும். உள்ளூர்ப் பிள்ளைகளின் முகத்தையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது.

அன்றைய தினம்

பறையோ தப்பாட்டமோ இருந்தால் கூட்டம் சேரும். கலைஞர்களுக்குச் சம்பளத்தை அன்றே கையில் கொடுங்கள், ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கூட்டம் போட்டுவிட்டுத் தப்படிப்பவரை அலையவிடுவது நன்றாக இருக்காது. வீதி நாடகம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். டீயும் சுண்டலும் நிகழ்ச்சி முடிந்தபின் என்று வைத்தால் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சும் டீ குடிக்கும்போதுதான் சூடு பிடிக்கும். பிளாஸ்டிக் கப், தட்டு எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும், தண்ணீருக்குக் கேன் போதும்.

கலைவதற்கு முன் ஒரு வேலை இருக்க வேண்டும், அங்கேயே செய்து முடிக்கக் கூடியதாக. குழந்தைத் தொழிலாளர் பற்றியது என்றால் எல்லோரும் போனில் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பதிந்துகொள்வது. தண்ணீர் என்றால் தொட்டி கழுவச் சொல்லி ஒரு மனுவில் கையெழுத்து. உறுதிமொழி எடுக்க வைக்காதீர்கள், கையை நீட்டிச் சொன்னதை வாசலிலேயே மறந்துவிடுவார்கள்.

வந்த கேள்விகளை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். வெளிநாட்டு உதவிப் பணம் எங்கே போகிறது, நம்மிடமே ஏழைகள் இருக்கும்போது இந்தியா ஏன் மற்ற நாடுகளுக்குக் கொடுக்கிறது என்பது மாதிரி. அங்கேயே சமாளிக்காமல், ஒரு வாரத்துக்குள் பதில் தேடி, வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். குழுவில் இல்லாதவர்களுக்கு நூலகப் பலகையிலோ டீக்கடைச் சுவரிலோ ஒட்டலாம். செலவுக் கணக்கையும் அதோடு போட்டுவிடுங்கள், நன்கொடை கொடுத்தவர் கேட்பதற்கு முன். அனுமதி கொடுத்த ஸ்டேஷனுக்கும் இடம் கொடுத்தவர்களுக்கும் நன்றிக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், அடுத்த மனுவோடு அதே வாசலுக்குத்தான் போகப் போகிறீர்கள்.